ஏடபிள்யூஎஸ் டேட்டா லேக்கிலிருந்து ஒரு கேட்டலாகை நீக்குவது எப்படி: முழு வழிகாட்டி

நீக்குகிற கட்டளை ஒரே வரிதான், அடித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது. இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி அந்த வரிக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது. ஏனென்றால் ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட் சேவை) டேபிள்களின் விவரங்களைப் பதிந்துவைக்கும் குளூ டேட்டா கேட்டலாகில் குப்பைத்தொட்டி கிடையாது. டேட்டாபிரிக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் யூனிட்டி கேட்டலாகில் ஒரு டேபிளை நீக்கிவிட்டால் 7 நாளுக்குள் ‘அன்டிராப்’ போட்டு மீட்டுவிடலாம். குளூவில் அந்தச் சலுகை இல்லை, டேபிளோடு அதன் பழைய பதிப்புகளும் பார்ட்டிஷன் (தேதி போன்றவற்றால் பிரித்துவைத்த டேட்டாப் பகுதி) விவரங்களும் சேர்ந்தே போய்விடும்.

எல்லாரும் பயப்படுவது டேட்டா அழிந்துவிடுமோ என்றுதான். பெரும்பாலும் அழியாது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் தபால்பெட்டி வரிசையைக் கழற்றி எடுத்துவிட்டால் வீடுகள் இடிந்து விழப்போவதில்லை, ஆனால் ஒரு கடிதமும் போய்ச் சேராது. கேட்டலாகில் இருப்பது டேபிளின் பெயர், அதன் நெடுவரிசைகள், கோப்புகள் எஸ்3 என்ற கோப்புக் கிடங்கில் எங்கே கிடக்கின்றன என்ற குறிப்பு, இவ்வளவுதான். ‘பெரும்பாலும்’ என்று சொன்னதைக் கவனியுங்கள். ஐஸ்பெர்க் என்ற வடிவத்தில் அமைந்த டேபிள் என்றால் கதையே வேறு, அதற்குத் தனியாக வருகிறேன்.

எதை நீக்கப் போகிறீர்கள்?

“பழைய கேட்டலாகை எடுத்துடுங்க” என்று டிக்கெட்டில் ஒரு வரி வரும். அதை எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள், ஏனென்றால் ஏடபிள்யூஎஸ்ஸில் குறைந்தது ஐந்து விஷயங்களை மக்கள் இந்தப் பெயரால் சொல்கிறார்கள்.

ஒன்று, உங்கள் கணக்கின் அடிப்படைக் கேட்டலாக். ஒரு கணக்குக்கு, ஒரு ரீஜனுக்கு (ஏடபிள்யூஎஸ் டேட்டா சென்டர்கள் இருக்கும் நிலப்பகுதி) ஒன்றுதான். அதன் அடையாள எண் உங்கள் 12 இலக்கக் கணக்கு எண்ணேதான். இதை நீக்கவே முடியாது, காலி செய்ய மட்டும் முடியும். அதற்குள் இருக்கும் டேட்டாபேஸ் இரண்டாவது. பத்தில் எட்டு டிக்கெட்டுகள் உண்மையில் இதைத்தான் கேட்கும். மூன்றாவது, 2024 டிசம்பரில் சேஜ்மேக்கர் லேக்ஹவுஸோடு வந்த புதிய அடுக்கு. அடிப்படைக் கேட்டலாகுக்குக் கீழே தனித்தனிக் கேட்டலாகுகளை உருவாக்கலாம். வெளியில் இருக்கும் மூலத்தைச் சுட்டுகிற ஃபெடரேட்டட் வகையும் உண்டு, ரெட்ஷிஃப்ட் என்ற டேட்டா வேர்ஹவுஸின் சொந்தச் சேமிப்பில் டேட்டாவை வைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. நான்காவது, எஸ்3 டேட்டாவை எஸ்கியூஎல்லால் வினவும் அத்தீனாவில் ‘டேட்டா சோர்ஸ்’ என்று பதிவு செய்திருப்பது, லாம்டா (ஏடபிள்யூஎஸ் ஓட்டித் தரும் சின்ன நிரல்), ஹைவ், குளூ, ஃபெடரேட்டட் என்று அதில் வகைகள் இருக்கின்றன. ஐந்தாவது ரிசோர்ஸ் லிங்க்: வேறு கணக்கு பகிர்ந்த டேட்டாபேஸுக்கு உங்கள் பக்கம் வைத்திருக்கும் சுட்டி.

ரிசோர்ஸ் லிங்கை நீக்கினால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. ரெட்ஷிஃப்ட் சேமிப்பு வகைக் கேட்டலாகிலோ சுட்டிகள் மட்டும் இல்லை, டேட்டாவே அதற்குள்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை, ஆகவே இந்த ஐந்தில் எது என்பதை டிக்கெட்டிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரீஜன். கேட்டலாக் ரீஜனுக்கு ரீஜன் தனி. சிங்கப்பூர் ஏபி-சவுத்ஈஸ்ட்-1, சிட்னி 2, ஜகார்த்தா 3, மலேசியா 5. கடைசி ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஜகார்த்தா 2021 டிசம்பரிலும் மலேசியா 2024 ஆகஸ்டிலும் திறந்த பிறகு, சிங்கப்பூரில் இருந்தபடியே மூன்று நாட்டு டேட்டாவையும் பார்த்துக்கொள்ளும் குழுக்களில் ஒரே பெயருள்ள டேட்டாபேஸ் மூன்று ரீஜனில் இருப்பது சாதாரணம். கட்டளை வரியில் வேலை செய்தால் ரீஜனை ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகக் கொடுங்கள், புரொஃபைலில் எது இருக்கிறதோ அதை நம்பாதீர்கள்.

நீக்கத்தான் வேண்டுமா?

செலவைக் குறைக்க என்று காரணம் சொன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். குளூ கேட்டலாகில் முதல் 10 லட்சம் பொருட்கள் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு 1 லட்சத்துக்கும் மாதம் 1 அமெரிக்க வெள்ளி. டேபிள், டேபிளின் பழைய பதிப்புகள், பார்ட்டிஷன் எல்லாமே கணக்கில் வரும். மணிக்கு மணி பார்ட்டிஷன் போட்டு வருடக்கணக்கில் ஓட்டியிருந்தாலும் பில் கண்ணை உறுத்தும் அளவுக்குப் போவது அபூர்வம். அந்த எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் பழைய பதிப்புகளையும் காலாவதியான பார்ட்டிஷன்களையும் களைந்தாலே போதும். பணம் கரைவது எஸ்3-இல். ஆனால் யாரும் பராமரிக்காத டேபிளை யாராவது நம்பி அறிக்கை தயாரிக்கிறார்கள் என்பதோ, தனிநபர் விவரம் இருக்கும் டேபிளின் அனுமதிகள் யாருக்கும் தெரியாமல் திறந்து கிடக்கின்றன என்பதோ நல்ல காரணங்கள். அப்படியென்றால் மேலே போகலாம்.

யார் பயன்படுத்துகிறார்கள்?

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். குழுவில் கேட்டால் “அதெல்லாம் யாரும் தொடுறதில்லை” என்பார்கள். நீக்கிய மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அக்கா அழைப்பார்.

முதலில் அத்தீனாவின் வினவல் வரலாற்றைப் பாருங்கள். அது 45 நாள்தான் வைத்திருக்கும். அடுத்து கிளவுட்டிரெயில், அதாவது கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவேடு: குளூவின் கெட்-டேபிள், கெட்-டேபிள்ஸ், கெட்-பார்ட்டிஷன்ஸ் நிகழ்வுகளைத் தேடினால் எந்த ரோல் (அனுமதிகள் கொண்ட அடையாளம்) எந்த டேபிளைக் கேட்டது என்று வரும். தனியாக எதுவும் அமைக்காமல் கிடைக்கும் நிகழ்வு வரலாறு 90 நாள்.

இந்த 90-ஐ கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக் கணக்கைப் பெரும்பாலான நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்கின்றன. அதற்கென்று எழுதிய வினவல் அக்டோபர் முதல் வாரம் ஒருமுறை ஓடும், அடுத்தது ஜனவரி முதல் வாரம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் கூட்டினால் 92 நாள். நீங்கள் ஜனவரி தொடக்கத்தில் தேடினால் 45 நாள் வரலாற்றிலும் இருக்காது, 90 நாள் வரலாற்றிலும் இருக்காது. யாருமே பயன்படுத்தவில்லை என்று முடிவுகட்டி நீங்கள் நீக்கி முடிக்கவும் அவர்கள் வினவலை ஓட்டவும் சரியாக இருக்கும். ஆண்டுத் தணிக்கைக்கு மட்டும் திறக்கும் டேபிள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே கிளவுட்டிரெயில் பதிவுகள் எஸ்3-க்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தால் அங்கே போய்க் குறைந்தது ஒரு வருடத்துக்குத் தேடுங்கள், அந்தப் பதிவுகள் மேலேயே அத்தீனாவால் வினவலாம். அப்படி ஒரு ஏற்பாடு இல்லையென்றால் நிதிப் பிரிவிடமும் தணிக்கைக்கு ஆவணம் கொடுப்பவர்களிடமும் நேரில் கேட்பதைத் தவிர வழி இல்லை. மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவுகளில் சிக்காத பயனர்களும் இருக்கிறார்கள். ரெட்ஷிஃப்டிலிருந்தே எஸ்3 டேட்டாவை வினவும் ஸ்பெக்ட்ரம் வழியாக வெளி ஸ்கீமா வைத்திருப்பார்கள். எஸ்விவி_எக்ஸ்டர்னல்_ஸ்கீமாஸ் என்ற காட்சியைக் கேட்டால் எந்த ஸ்கீமா எந்த குளூ டேட்டாபேஸைச் சுட்டுகிறது என்று தெரிந்துவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரெட்ஷிஃப்டில் ஸ்கீமாவை நீக்கும் கட்டளையோடு ‘டிராப் எக்ஸ்டர்னல் டேட்டாபேஸ்’ என்று சேர்த்தால் அது குளூவில் இருக்கும் டேட்டாபேஸையும் சேர்த்து நீக்கிவிடும். ஸ்கீமாவை மட்டும் துப்புரவு செய்யப் போனவர் அந்த மூன்று சொற்களை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருந்தால், உங்கள் வேலையை உங்களுக்கு முன்னால் அவரே முடித்துவிடுவார், நீங்கள் பிரதி எடுப்பதற்கும் முன்னால்.

குவிக்சைட் டேட்டாசெட்டுகள், குளூ ஜாப், இஎம்ஆர் கிளஸ்டர், சேஜ்மேக்கர் நோட்புக் என்று டேட்டாவைப் படிக்கும் மற்ற கருவிகளுக்கெல்லாம் நம்பகமான வழி, நிரல்கள் இருக்கும் கிட் களஞ்சியங்கள் முழுக்க டேட்டாபேஸின் பெயரைத் தேடுவது. பெயர் ‘டெஸ்ட்’ அல்லது ‘சேல்ஸ்’ மாதிரி பொதுவானதாக இருந்தால் தேடல் முடிவுகள் குவியும். பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பகிர்வுகள். டேபிள்களுக்கான அனுமதிகளை நிர்வகிக்கும் லேக் ஃபார்மேஷனில் லிஸ்ட்-பெர்மிஷன்ஸ் கொடுத்து யார் யாருக்கு என்ன அனுமதி என்று எடுங்கள். வேறு கணக்குக்குப் பகிர்ந்திருந்தால் அது ரிசோர்ஸ் ஆக்சஸ் மேனேஜர் வழியாகப் போயிருக்கும், அங்கேயும் பாருங்கள். நீங்கள் நீக்கிய பிறகு எதிர்ப்பக்கக் கணக்கில் உள்ள ரிசோர்ஸ் லிங்க் தானாக மறையாது, இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

பிரதி எடுங்கள்

குப்பைத்தொட்டி இல்லாததால் உங்கள் மீட்பு முழுக்க இந்தப் பிரதியை நம்பித்தான். கெட்-டேட்டாபேஸ், கெட்-டேபிள்ஸ், ஒவ்வொரு டேபிளுக்கும் கெட்-பார்ட்டிஷன்ஸ், கெட்-யூசர்-டிஃபைன்ட்-ஃபங்ஷன்ஸ், இவற்றின் வெளியீட்டை ஜேசான் கோப்புகளாக வாங்கி, வேறொரு எஸ்3 பக்கெட்டில், முடிந்தால் வேறொரு கணக்கில் வையுங்கள். கேட்டலாகின் ரிசோர்ஸ் பாலிசியையும் லேக் ஃபார்மேஷன் அனுமதிகளையும் எல்எஃப்-டேக்குகளையும் (அனுமதி கொடுக்கப் பயன்படும் குறிச்சொற்கள்) மறக்காதீர்கள். டேபிளைத் திரும்ப உருவாக்குவது எளிது, யாருக்கு எந்த நெடுவரிசை தெரியலாம் என்பதை நினைவிலிருந்து எழுதுவது நடக்காத காரியம். பைத்தானில் போட்டோ3 (boto3) நூலகம் வழியாக எடுப்பவர்கள் பேஜினேட்டரை (எல்லாப் பக்கங்களையும் வரிசையாக வாங்கும் கருவி) விட்டுவிட்டால் முதல் பக்கம் மட்டும்தான் வரும், கோப்பு திறந்து பார்த்தால் முழுசாக இருப்பதுபோலவே தெரியும்.

இந்த ஜேசானை அப்படியே கிரியேட்-டேபிளுக்குக் கொடுக்க முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உருவாக்கிய நேரம், மாற்றிய நேரம், உருவாக்கியவர், கேட்டலாக் எண், பதிப்பு எண், டேட்டாபேஸ் பெயர் என்று வெளியீட்டில் வரும் சில புலங்களை உள்ளீடு ஏற்காது, பிழை காட்டி நின்றுவிடும். அவற்றைக் களைகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை இப்போதே எழுதி, தற்காலிக டேட்டாபேஸ் ஒன்றில் இரண்டு மூன்று டேபிளை உருவாக்கிப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் எடுப்பதில்லை.

அத்தீனா வியூக்களுக்கு (டேபிள் போலப் பயன்படும் சேமித்த வினவல்கள்) தனி அக்கறை வேண்டும். அவையும் குளூவில் ஒரு டேபிளாகத்தான் பதிவாகியிருக்கும், ஆனால் அவற்றுக்குப் பின்னால் எஸ்3-இல் எந்தக் கோப்பும் இல்லை. வியூவின் முழு உயிரும் அதன் வரையறையில் இருக்கும் எஸ்கியூஎல்தான். ஜேசானில் அது பேஸ்64 ஆகச் சுருட்டப்பட்டு வரும், கண்ணால் படிக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ‘ஷோ கிரியேட் வியூ’ ஓட்டி எஸ்கியூஎல்லைப் படிக்கிற வடிவில் எடுத்து கிட்டில் போட்டுவிடுங்கள். நல்ல தொழில் தர்க்கமெல்லாம் வியூக்களில்தான் ஒளிந்திருக்கும், அதை எழுதியவர் எப்போதோ வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.

ஐஸ்பெர்க் டேபிள்களைப் பிரித்துவையுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். பழைய ஹைவ் பாணி டேபிள்களை அத்தீனா ‘வெளி டேபிள்’ என்று நடத்துகிறது. டிராப் டேபிள் போட்டால் பெயர் மட்டும் போகும், பார்கே வடிவ டேட்டா கோப்புகள் எஸ்3-இல் அப்படியே இருக்கும். ஐஸ்பெர்க் டேபிளை அத்தீனா தன் சொந்த நிர்வாகத்தில் இருக்கும் டேபிளாகக் கருதுகிறது. அதே டிராப் டேபிளை அதே திரையில் அதே ஆள் போட்டால், டேபிளோடு டேட்டாவும் போய்விடும்.

குளூவின் டிலீட்-டேபிள் வழியாக நீக்கினால் அப்படி இல்லை. அங்கே போவது கேட்டலாகில் உள்ள சுட்டி மட்டும், டேட்டா கோப்புகளும் மெட்டாடேட்டா கோப்புகளும் எஸ்3-இல் தங்கிவிடும். ஒரே டேபிள், ஒரே நோக்கம், எந்தக் கதவு வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறுகிறது.

எது ஐஸ்பெர்க் என்று கண்டுபிடிப்பது எளிது. எடுத்துவைத்த ஜேசானில் டேபிளின் அளவுருக்களைப் பாருங்கள். டேபிள் வகை ஐஸ்பெர்க் என்று இருக்கும், கூடவே மெட்டாடேட்டா இடம் என்று ஒரு எஸ்3 முகவரியும் இருக்கும். அந்த முகவரியைத் தனியாக ஒரு தாளில் குறித்துவையுங்கள். அதுதான் டேபிளின் இப்போதைய நிலையைச் சொல்லும் கோப்பு, அது கையில் இருந்தால் பின்னால் டேபிளை மறுபடி பதிவு செய்துவிடலாம். டேபிளில் எழுதிக்கொண்டே இருந்தால் இந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எழுதுவதை நிறுத்திய பிறகு இன்னொரு முறை குறித்துக்கொள்ள வேண்டும்.

டேட்டாவும் போக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அத்தீனாவின் டிராப் டேபிள் சரியான கருவி. டேட்டா இருக்கட்டும் என்றால் குளூ கட்டளையை மட்டும் பயன்படுத்துங்கள். கலந்து இருக்கும் டேட்டாபேஸில் அத்தீனாவில் ‘டிராப் டேட்டாபேஸ் கேஸ்கேட்’ போடுவதை நான் செய்யமாட்டேன், டேபிள் டேபிளாகத்தான் போவேன்.

எழுதுகிறவர்களை நிறுத்துங்கள்

கிராலர் (எஸ்3-ஐ அலசி டேபிள்களைப் பதிவு செய்யும் கருவி), குளூ டிரிகர், ஒர்க்ஃபுளோ, ஈவென்ட்பிரிட்ஜ் விதி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு கிராலர் விடுபட்டுப்போனால் நீங்கள் நீக்கிய டேபிளை அது ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி உருவாக்கிவைக்கும், காலையில் வந்து பார்த்தால் நீக்கவே இல்லையோ என்று உங்களுக்கே சந்தேகம் வரும். குளூவின் நேர அட்டவணை யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதப்பட்டிருக்கும். 18 மணி என்று இருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி.

பூட்டிவிட்டுக் காத்திருங்கள்

நீக்குவதற்கு முன்னால் டேட்டாபேஸை அப்படியே விட்டுவைத்து, யாரும் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். யாராவது கத்தினால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம். நீக்கியபின் கத்தினால் அன்று சாயங்காலம் போய்விடும். தேடலில் சிக்காத பயனர்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

லேக் ஃபார்மேஷனில் செலக்ட், டிஸ்கிரைப் அனுமதிகளைத் திரும்பப் பெறுவது ஒரு வழி. ஆனால் முதலில் ‘ஐஏஎம் அலவுட் பிரின்சிபல்ஸ்’ (ஐஏஎம் என்பது ஏடபிள்யூஎஸ்ஸின் பொதுவான அனுமதி அமைப்பு) என்ற குழுவுக்கு அந்த டேட்டாபேஸிலும் டேபிள்களிலும் ‘சூப்பர்’ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய கணக்குகளில் இருக்கும். அது இருக்கும்வரை லேக் ஃபார்மேஷன் பெயருக்குத்தான் நிற்கிறது, ஐஏஎம் பாலிசி எதைச் சொல்கிறதோ அதுவே நடக்கும். நீங்கள் மற்றவர்களின் அனுமதியை எல்லாம் எடுத்துவிட்டுப் பூட்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், வினவல்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழுவின் அனுமதியையும் சேர்த்து எடுத்தால்தான் பூட்டு விழும்.

இன்னொரு வழி, குளூ ரிசோர்ஸ் பாலிசியில் அந்த டேட்டாபேஸுக்கு வெளிப்படையான மறுப்பு எழுதுவது. இதில் இரண்டு எச்சரிக்கை. கேட்டலாகுக்கு ஒரே ஒரு பாலிசிதான், புதிதாக எழுதுவது பழையதை முழுக்க மாற்றிவிடும்; ஆகவே இருப்பதை எடுத்து, அதோடு உங்கள் மறுப்பைச் சேர்த்துத் திரும்ப எழுதுங்கள். அப்புறம் உங்கள் நிர்வாக ரோலுக்கு விலக்கு கொடுங்கள், இல்லையென்றால் நீங்களும் வெளியில்தான் நிற்பீர்கள்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருப்பதைவிட நிகழ்வைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள்: ஒரு மாதமுடிவு, ஒரு காலாண்டுத் தாக்கல். இரண்டும் சத்தமில்லாமல் கடந்துவிட்டால் போதும். மேலாளர் அவசரப்படுத்துவார், டேட்டாபேஸ் ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது, யாராலும் படிக்க முடியாது என்று சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் வேண்டியிருக்கும்.

நீக்கும் நாள்

முதலில் ஒரு கேள்வி: இந்த டேட்டாபேஸை உருவாக்கியது, வளங்களை நிரலாக எழுதி உருவாக்கும் டெராஃபார்மா, கிளவுட்ஃபார்மேஷனா, கையாலா? டெராஃபார்ம் என்றால் நீக்கத்தையும் அங்கேயே செய்யுங்கள். கையால் நீக்கிவிட்டுப் போனால் அடுத்த அப்ளை ஓடும்போது காலியான டேட்டாபேஸ் ஒன்று அதே பெயரில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளவுட்ஃபார்மேஷன் என்றால் அந்த வளத்துக்கு நீக்கல் கொள்கை ‘ரிடெயின்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டாக் (கிளவுட்ஃபார்மேஷன் உருவாக்கிய வளங்களின் தொகுப்பு) போகும், டேட்டாபேஸ் போகாது.

அனுமதி விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். லேக் ஃபார்மேஷனில் டேட்டா லேக் நிர்வாகி என்ற பட்டம் இருந்தாலும், மற்றவர்கள் உருவாக்கிய டேட்டாபேஸை நீக்கும் உரிமை தானாக வந்துவிடாது. ஆனால் தனக்குத்தானே டிராப் அனுமதி கொடுத்துக்கொள்ள நிர்வாகியால் முடியும். ஐஏஎம் பக்கமும் டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் பற்றாது. மேலே உள்ள கேட்டலாக், கீழே உள்ள டேபிள்கள், ஃபங்ஷன்கள் எல்லாவற்றின் ஏஆர்என்னும் (வளத்தின் முழு அடையாளப் பெயர்) பாலிசியில் இருக்க வேண்டும்.

வரிசை இப்படி: மற்ற கணக்குகளுக்கான பகிர்வைத் திரும்பப் பெறுங்கள், அவர்கள் பக்கம் ரிசோர்ஸ் லிங்கை நீக்கச் சொல்லுங்கள், பிறகு வியூக்கள், பிறகு டேபிள்கள், கடைசியில் டேட்டாபேஸ். நேராக டிலீட்-டேட்டாபேஸ் கொடுத்தாலும் குளூ ஏற்றுக்கொள்ளும். டேபிள்கள் உடனே கண்ணிலிருந்து மறையும், ஆனால் அநாதையாகிவிட்ட டேபிள்களையும் பார்ட்டிஷன்களையும் பின்னணியில் அது தன் வசதிப்படி அழிக்கும். உடனே எல்லாம் போயாக வேண்டும் என்றால் கீழிருந்து மேலே நீங்களே போக வேண்டும்: பேட்ச்-டிலீட்-பார்ட்டிஷன் ஒரு தடவைக்கு 25, பேட்ச்-டிலீட்-டேபிள் ஒரு தடவைக்கு 100. பேட்ச் கட்டளைகளில் சில மட்டும் தோற்றுப்போகலாம், திரும்பி வரும் பிழைப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள்.

அத்தீனாவில் செய்தால், டேபிள்கள் இருக்கும் டேட்டாபேஸை வெறும் டிராப் நீக்காது, கேஸ்கேட் கேட்கும். பெயரில் ஹைஃபன் இருந்தால் பெயரை பேக்டிக் குறிக்குள் போடுங்கள். மேற்கோள்குறி போட்டால் புரியாத இலக்கணப் பிழை ஒன்றைக் காட்டும். ‘டிஃபால்ட்’ என்ற டேட்டாபேஸைக் காலியாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், டேட்டாவை அலசும் ஸ்பார்க் எஞ்சின் அதைத் தேடிக்கொண்டு வரும்.

புதிய வகைக் கேட்டலாக் என்றால் டிலீட்-கேட்டலாக். நடத்தை டேட்டாபேஸ் போலத்தான், உள்ளே இருப்பவை கைக்கு எட்டாமல் போகும், அழிப்பு பின்னணியில் நடக்கும். அத்தீனாவின் டேட்டா சோர்ஸ் என்றால் டிலீட்-டேட்டா-கேட்டலாக். லாம்டா வகையில் பதிவு மட்டும் போகும், லாம்டா ஃபங்ஷன் நிற்கும், அதைத் தனியே நீக்க வேண்டும். ஃபெடரேட்டட் வகையில் ‘டிலீட்-கேட்டலாக்-ஒன்லி’ என்ற கொடியைக் கொடுத்தால் குளூ கனெக்‌ஷனும் லாம்டாவும் உங்கள் பொறுப்பில் விடப்படும், இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு அடியுங்கள்.

முடிந்ததும் கெட்-டேட்டாபேஸ் கொடுத்துப் பாருங்கள், அப்படி ஒன்று இல்லை என்ற பிழை வர வேண்டும். மறுநாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். மறந்துபோன கிராலர் இருந்தால் அப்போது தெரியும்.

மிச்சம் மீதி

லேக் ஃபார்மேஷனில் எஸ்3 பாதையைப் பதிவு செய்திருப்பீர்கள். அதை நீக்குவதற்கு முன், வேறு டேட்டாபேஸ் ஏதாவது அதே பாதைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவை எடுத்துவிட்டால் அந்தப் பாதைக்கு லேக் ஃபார்மேஷன் தற்காலிகச் சாவி கொடுப்பது நின்றுவிடும், நேரடி எஸ்3 அனுமதி இல்லாதவர்களின் வினவல் எல்லாம் விழும். கிராலர், ஐஏஎம் ரோல், குளூ கனெக்‌ஷன், அதற்கான சீக்ரெட், இவற்றையும் துடையுங்கள்.

கேஎம்எஸ் (மறையாக்கச் சாவிகளை வைத்திருக்கும் சேவை) சாவியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். நீக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் காத்திருப்புக்குப் பிறகுதான் போகும், நீளமானதையே தேர்ந்தெடுங்கள். கேட்டலாகை மறையாக்கம் செய்த சாவி கேட்டலாக் முழுவதற்கும் பொது, ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் தனி இல்லை. அதை நிறுத்தினால் மற்ற டேட்டாபேஸ்களும் படிக்க முடியாமல் போகும்.

தனிநபர் தகவல் இருந்தால்

சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்து, சட்டத்துக்கோ வணிகத்துக்கோ தேவையில்லை என்றானபின் தனிநபர் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. கேட்டலாகை நீக்கிவிட்டு “டேட்டாவை அழித்தாயிற்று” என்று இணக்கப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மை இல்லை. கோப்புகள் எஸ்3-இல் இருக்கின்றன, பக்கெட்டைத் திறக்க முடிந்த எவரும் அடையாள அட்டை எண்ணோடு சேர்த்துப் படிக்கலாம். 2022 அக்டோபர் 1 முதல் இந்தச் சட்டத்தின்கீழ் அபராத உச்சவரம்பு 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி, அல்லது சிங்கப்பூரில் நிறுவனத்தின் ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது.

ஆகவே எஸ்3-இல் உண்மையிலேயே அழியுங்கள். வெர்ஷனிங் இருக்கும் பக்கெட்டில் நீக்கினால் மேலே ஒரு நீக்கல் குறி மட்டும் விழும், பழைய பதிப்பு அடியில் இருக்கும். லைஃப்சைக்கிள் விதியில் நடப்பில் இல்லாத பதிப்புகளையும் காலாவதியாக்க வேண்டும். அதைவிட அதிகம் மறக்கப்படுவது அத்தீனாவின் முடிவுகள் பக்கெட். ஓடிய ஒவ்வொரு வினவலின் முடிவும் அங்கே ஒரு கோப்பாக விழுந்திருக்கும், யாரோ எப்போதோ வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணுமாக எடுத்த பட்டியல் உட்பட. மறுபக்கம், கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இங்கே இருக்கிறது. எதை அழிப்பது, எதை வைப்பது என்பதைப் பொறியாளர் முடிவு செய்யக் கூடாது, தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்தை வாங்குங்கள்.

திரும்ப வேண்டும் என்று கேட்டால்

ஹைவ் பாணி டேபிள் என்றால் களைந்துவைத்த ஜேசானிலிருந்து டேபிளை உருவாக்கி, பார்ட்டிஷன் விவரங்களையும் ஜேசானிலிருந்தே ஏற்றுங்கள். பாதைகள் ‘இயர்=2024’ மாதிரி அமைந்திருந்தால் எம்எஸ்சிகே ரிப்பேர் டேபிள் ஓட்டினால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், அப்படி அமையாதவற்றுக்கு ஆல்டர் டேபிள் ஆட் பார்ட்டிஷன்தான். பார்ட்டிஷன் புரொஜெக்‌ஷன் பயன்படுத்திய டேபிளுக்கு இந்த வேலையே இல்லை, அளவுருக்கள் சரியாக வந்தால் போதும். ஐஸ்பெர்க் என்றால் ஸ்பார்க்கில் ‘ரெஜிஸ்டர் டேபிள்’ செயல்முறைக்கு நீங்கள் குறித்துவைத்த மெட்டாடேட்டா முகவரியைக் கொடுங்கள். வியூக்களை கிட்டிலிருந்து ஓட்டுங்கள், ஒன்றை நம்பி இன்னொன்று இருக்கும் என்பதால் வரிசை முக்கியம். லேக் ஃபார்மேஷன் அனுமதிகளை எடுத்துவைத்த பட்டியலிலிருந்து மறுபடி கொடுங்கள், கொடுக்கும்போதே யாருக்கு இன்னும் தேவை என்று ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.